கிராங்க் புல்லி நட்டு கழற்ற வண்டியை விட்டேன், அரை மாதச் சம்பளம் போச்சு. தயவுசெய்து படியுங்கள்

இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் வேறொரு மெக்கானிக் என் காரின் கிராங்க் புல்லியை, அதாவது எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் நுனியில் இருந்து பேட்டரி சார்ஜுக்கான பெல்ட்டைச் சுற்றும் சக்கரத்தைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வெளி வளையம் தனியாக வந்தது, நடு ஹப் தனியாக வந்தது. இரண்டையும் ஒட்டிப் பிடித்திருக்க வேண்டிய ரப்பர் கருகி, விரல் பட்டதும் உதிர்ந்தது. அரை மாதச் சம்பளம் கொடுத்து நான் வாங்கிக்கொண்ட வேலை இது. வயிறு எரிகிறது. தூக்கம் வரவில்லை. இன்னொருவர் மாட்டக் கூடாது என்றுதான் இப்போதே எழுதுகிறேன், எதை எதைப் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

கடைப் பெயர் வேண்டாம். எல்லாக் கம்பெனி வண்டியும் பார்ப்போம் என்று பெரிய போர்டு, ஆன்லைனில் நிறைய நட்சத்திரம். அந்த மாதிரி ஒரு ஒர்க்‌ஷாப்.

கிராங்க் ஷாஃப்ட் ஓரமாக எஞ்சின் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீல் கசிந்துகொண்டிருந்தது. சீல் சின்னப் பொருள்தான், ஆனால் அதை மாற்றப் புல்லியைக் கழற்றியாக வேண்டும், புல்லியைக் கழற்ற நடுவில் இருக்கும் அந்த ஒற்றை நட்டு அசைய வேண்டும். (எல்லோரும் நட்டு என்கிறோம், உண்மையில் கிராங்குக்குள் இறங்கும் தடித்த போல்ட் அது.) முதலில் நானே முயன்றேன். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, மனைவி பிரேக்கை மிதிக்க, நான் பிரேக்கர் பார் என்ற நீளமான கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். என் வண்டியின் மேனுவலில் இந்த போல்ட்டுக்கு 200 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போட்டிருக்கிறது. அதாவது ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் ஏறக்குறைய 20 கிலோவைத் தொங்கவிடுவது மாதிரி. என் பார் அரை மீட்டர்தான், அதற்கு 40 கிலோ அழுத்த வேண்டும். அதுவும் புதிதாக இறுக்கியபோது உள்ள கணக்கு. பல வருடம் சூட்டில் வெந்து துருப்பிடித்த போல்ட்டுக்கு இன்னும் எவ்வளவோ வேண்டும். எஞ்சின்தான் மவுண்ட்டில் ஆடியது, போல்ட் அசையவே இல்லை. தலை மழுங்கிவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அப்புறம்தான் அந்த ஒர்க்‌ஷாப்பில் விசாரித்தேன். அங்கிருந்த மாஸ்டரை நான் ஏன் நம்பினேன் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் குனிந்து, டார்ச் அடித்து, புல்லியின் ஓரத்தைக் கட்டை விரலால் தடவிவிட்டுச் சொன்னார்: "இது சும்மா இரும்புச் சக்கரம் இல்ல சார், டேம்பர், எஞ்சின் அதிர்வை அடக்கும். நடுவுல ரப்பர் இருக்கு. தெரியாதவன் கேஸ் வெச்சுச் சுட்டான்னா ரப்பர் போயிடும். ஓரத்துல புல்லர்னு இழுக்கிற கருவியோட கொக்கிய மாட்டி இழுத்தான்னா வளையம் கழண்டு வந்துடும். நாங்க அதெல்லாம் செய்ய மாட்டோம்." பிறகு ஒரு பெட்டியைத் திறந்து, பளபளவென்று இருந்த புல்லி ஹோல்டரை எடுத்துக் காட்டினார். "இதைப் போட்டுப் பிடிச்சுக்கிட்டு, நீளமான பாரால ஒரே அழுத்து. வேலை முடிஞ்சது."

நான் கேட்க நினைத்ததை எல்லாம் அவரே சொல்லிவிட்டார். வேலை தெரிந்த ஆள் கையில் கொடுக்கிறோம் என்ற நிம்மதியில் சாவியைக் கொடுத்தேன். புது போல்ட் போட வேண்டும் என்று மேனுவலில் இருக்கிறதே என்றேன். "அது இல்லாமலா சார்" என்றார். முன்பணமாகப் பாதி, எடுக்கும்போது மீதி. இரண்டும் சேர்த்து என் அரை மாதச் சம்பளம். பில்லில் 'ஸ்பெஷல் டூல் சார்ஜ்' என்று தனியாக ஒரு வரி இருந்தது. அந்த ஹோல்டரை என் கண்ணால் பார்த்ததால் அதற்கும் மறுபேச்சில்லாமல் கொடுத்தேன்.

வண்டியை எடுக்கும்போதே ஏதோ கருகிய நாற்றம் அடித்தது. கேட்டேன். "புது சீல் சார், கொஞ்சம் ஆயில் பட்டிருக்கும், ரெண்டு நாள்ல போயிடும்." அப்போதே அந்த இடத்திலேயே டார்ச் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று பெல்ட் சத்தம். மாலைக்குள் அது லொடலொட என்று ஆனது. பானெட்டைத் திறந்தால் புல்லியின் வெளி வளையம் நெளிந்து நெளிந்து சுற்றுகிறது. போன் செய்தேன்.

"ஓட ஓட செட் ஆயிடும் சார்."

மறுநாள் பேட்டரி விளக்கு எரிந்தது. மறுபடி போன். "மாஸ்டர் வெளியில போயிருக்கார், வந்ததும் பேசச் சொல்றேன்." பேசவில்லை. வீடியோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை. நேரில் போனேன். முதல் நாள் அத்தனை பொறுமையாகப் பேசிய அதே மனிதர் முகத்தைப் பார்க்காமலே, "பழைய வண்டி, ரப்பர் போகத்தான் செய்யும், நாங்க சீல் மட்டும்தான் மாத்தினோம்" என்றார். கவுன்ட்டரில் இருந்தவர் பில்லின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார்: பழைய பாகங்களுக்குப் பொறுப்பில்லை. ரப்பர் போய்விடும் என்று எனக்கு முதலில் சொன்னதே நீங்கள்தானே என்றேன். "கஸ்டமர் நிக்கிறாங்க சார், அப்புறம் வாங்க." அரை மாதச் சம்பளம் வாங்கியவர்கள் என்னை ஐந்து நிமிடம்கூட நிற்க விடவில்லை.

இன்று மாலை வேறொருவர் பிரித்துக் காட்டியது இது. புல்லியின் ஒரு பக்கம் முழுக்கத் தீ பட்ட கருமை. வெளி விளிம்பில் மூன்று இடத்தில் புல்லர் கொக்கி கடித்து உடைந்த தழும்பு. ஹப்பில் புல்லரைத் திருகுவதற்கென்றே இரண்டு மரைத்துளைகள் இருக்கின்றன, அவற்றைத் தொடவே இல்லை. உள்ளே புதுச் சீல்தான், ஆனால் பழையதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்ததில் சீலின் உதடு உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் மேலேயே ஒரு கீறல். அதனால் கசிவும் நிற்கவில்லை. போல்ட் பழையதே, தலையின் மூலைகள் மழுங்கியிருந்தன. பன்னிரண்டு பட்டை சாக்கெட்டை மாட்டி இம்பாக்ட் கன்னால் (தட்டித் தட்டிச் சுழற்றும் கருவி) அடித்திருக்கிறார்கள் என்றார் அவர். ஆறு பட்டை இம்பாக்ட் சாக்கெட் என்றால் முகத்தோடு முகம் பிடிக்கும், மூலையைத் தின்னாது.

அந்த ஹோல்டர் பற்றிக் கேட்டேன். நான் விவரித்ததும் அவர் சிரிக்கவில்லை, வருத்தப்பட்டார். அந்த வகை ஹோல்டர் ஹப்பில் அறுகோணக் குழி உள்ள புல்லிகளுக்கு மட்டும்தான் பொருந்தும். என் புல்லியில் அந்தக் குழியே கிடையாது. என் வண்டியில் மாட்டவே முடியாத கருவியைக் காட்டி நம்ப வைத்து, அதற்கும் காசு வாங்கியிருக்கிறார்கள்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் போடவில்லை, கன்னால் ரெண்டு தட்டுத் தட்டி விட்டிருக்கிறார்கள். புல்லியையும் டைமிங் பெல்ட் பல்சக்கரத்தையும் கிராங்க் ஷாஃப்ட்டில் சரியாக உட்காரவைக்கும் சின்ன உலோகத் துண்டான கீ இடம் காட்டத்தான் இருக்கிறது, சுமையைத் தாங்குவது போல்ட்டின் இறுக்கம். இறுக்கம் போதாததால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஆடி, கீ பாதி வெட்டுப்பட்டிருந்தது. முழுதாக வெட்டியிருந்தால் வால்வும் பிஸ்டனும் அசையும் ஒழுங்கு, அதாவது டைமிங், நழுவி வால்வு பிஸ்டனில் இடித்திருக்கும், எஞ்சினே போயிருக்கும். இந்த நிலையில் குழந்தைகளை வைத்து மூன்று நாள் ஓட்டியிருக்கிறேன்.

டேம்பர், கீ, போல்ட், சீல் எல்லாம் மறுபடி புதிதாக வாங்க வேண்டும். அது தனிச் செலவு. கொடுத்த அரை மாதச் சம்பளத்தில் ஒரு காசும் திரும்ப வரவில்லை.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. அவசரமாகச் சொல்கிறேன். எஞ்சின் சுற்றாமல் எதை வைத்துப் பிடிப்பீர்கள் என்று கேளுங்கள், அந்தக் கருவியை உங்கள் வண்டியில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், பெட்டியில் காட்டினால் போதாது. புல்லி பக்கம் தீ வரவே கூடாது. நட்டில் கம்பியை மாட்டி முட்டுக்கொடுத்து, ஸ்டார்ட்டரைத் தட்டிக் கழற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பி எடுத்துவிடுங்கள், அந்தக் கம்பி கையை முறித்துவிடும். சில எஞ்சின்களில் கீயே கிடையாது, நட்டைத் தளர்த்தினாலே டைமிங் போய்விடும், அதனால் முதலில் மேனுவலைப் பாருங்கள். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில், உங்கள் கண் முன்னால். பழைய போல்ட்டைக் கையில் வாங்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.

நாளைக் காலையில் கடை திறக்கும்போதே கருகின புல்லியையும் வெட்டுப்பட்ட கீயையும் பில்லையும் எடுத்துக்கொண்டு அங்கே போகிறேன்.