பெட்ரோல் முள் தப்பாகக் காட்டினால்: சுத்தம் செய்வதா, டேங்க் யூனிட்டை மாற்றுவதா, முழு பம்பையே மாற்றுவதா?

மலேசியாவின் ஜொகூருக்குப் போகும் சிங்கப்பூர் வண்டியில் முக்கால் டேங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது 1991 முதல் உள்ள விதி. உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளில் அதிகாரி பார்ப்பது முள்ளைத்தான். அதனால் இங்கே இது சின்னப் பழுது இல்லை.

எதையும் வாங்கும் முன், பழுது டேங்கிலா டாஷ்போர்டு மீட்டரிலா என்று பாருங்கள். டேங்குக்குள் மிதவையால் பெட்ரோல் அளவை அறிந்து மீட்டருக்குச் சொல்லும் பாகம்தான் டேங்க் யூனிட். யூனிட்டின் கனெக்டரைக் கழற்றி, மீட்டருக்குப் போகும் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே அந்தக் காரின் யூனிட்டுக்குரிய ஓம் அளவுக்குள் வரும் ஒரு ரெசிஸ்டரை (மின்தடையை) வையுங்கள். சில நிமிடம் பொறுத்து முள் நகர்ந்தால் மீட்டரும் வயரும் சரி. பிறகு யூனிட்டை வெளியே எடுத்து, மிதவைக் கையை மெதுவாக ஏற்றி இறக்கி ஓம் அளக்க வேண்டும். ஐரோப்பிய வகைகளில் காலிக்கு 10, நிறைவுக்கு 180 ஓம் என்பது பரவலான அளவு. பல ஜப்பானியக் கார்களில் தலைகீழ்: டேங்க் நிறைந்தால் ஓம் குறையும். நடுவில் ஒரே இடத்தில் அளவு அறுந்து போனால் அங்கே தொடுமுனை உரசி நகரும் மின்தடம் தேய்ந்திருக்கிறது. ஓம் அளக்கும் டிஜிட்டல் மீட்டர் இந்த நொடிப்பொழுது அறுப்பைத் தவறவிடும். முள் வைத்த பழைய வகை ஓம் மீட்டர் காட்டிக்கொடுக்கும்.

சுத்தம் செய்வது மலிவு. பெட்ரோலில் உள்ள கந்தகம் வெள்ளித் தொடுமுனையைக் கறுப்பாக்கியிருந்தால் கான்டாக்ட் கிளீனரும் மெல்லிய துணியும் போதும். உப்புத்தாள் கூடவே கூடாது, தடமே போய்விடும். தேய்ந்த தடத்துக்கு இது மருந்தில்லை. பாகம் கிடைக்காத பழைய வண்டிக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

பெரும்பாலான கார்களுக்கு யூனிட்டை மட்டும் மாற்றுவதே சரியான வழி. கிளிப்பைத் தள்ளினால் பம்பிலிருந்து கழன்று வரும். வாங்கும்போது பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் கையின் நீளத்தையும் வளைவையும் ஒப்பிடுங்கள். பழைய மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளும்பினால் பெட்ரோல் புகுந்து கனத்துவிட்டது, முள் எப்போதும் குறைவாகவே காட்டும்.

முழு பம்ப் தொகுதிக்குச் செலவு பல மடங்கு. சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த காரில் பம்பும் சத்தம் போட்டால் மட்டும் அது நியாயம். சிஓஇ முடிய ஓராண்டே என்றால் வேண்டாம்.

முள்ளை உயர்த்திக் காட்ட வயரில் ரெசிஸ்டர் செருகும் வழியும் சிலர் சொல்வார்கள். முள்ளை ஏமாற்றுவது சுங்கச் சட்டப்படி குற்றம்.

எந்த வழியானாலும் டேங்க் கால் அளவுக்குக் கீழே இருக்கட்டும். பம்ப் ஃபியூஸை எடுத்து இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். அடுக்குக் கார்நிறுத்தத்தில் ஆவி தரையோடு தேங்கும். டேங்க் மூடியின் பழைய ரப்பர் சீல் பெட்ரோலில் ஊறிப் பெருத்திருக்கும், திரும்பப் பள்ளத்தில் உட்காராது. புதியதைப் போட்டு, டேங்கை முழுதாக நிரப்பி, பின் சீட்டைத் தூக்கி மூடியைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். ஈரமிருந்தால் சீல் சரியாக அமரவில்லை.