எங்கள் கராஜ் கதவும் இரண்டு பிள்ளைகளும்: ஒன்பது ஆண்டு அனுபவம்

டெக்சஸ் மாநிலத்துப் பிளேனோவில் நாங்கள் வீடு வாங்கியது 2015 ஆகஸ்டில். இங்கே பழைய தெருக்களில் பல வீடுகளுக்குக் கராஜ், அதாவது கார் நிறுத்தும் அறை, பின்பக்கம், சந்துப் பக்கம் பார்த்தபடி இருக்கும். முன்வாசலைத் தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் மட்டும்தான் திறப்போம். பள்ளிக்கூடம், அலுவலகம், கோயில், காய்கறி என்று எல்லாப் போக்குவரத்தும் கராஜ் வழியாகத்தான். 16 அடி அகலம், 7 அடி உயரம் உள்ள கதவு. வீட்டில் தானாக அசையும் பொருள்களில் இவ்வளவு பெரியது, கனமானது வேறு இல்லை. அதன் கீழேதான் பிள்ளைகள் நாள்தோறும் ஓடி வருகிறார்கள்.

வாங்கும் முன் வீட்டைச் சோதிக்க வந்தவர் என்னைக் கூப்பிட்டுக் கூரையைக் காட்டினார். கதவின் இரு ஓரத்திலும், தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டிய சென்சார்கள் இரண்டும் மேலே மோட்டாருக்குப் பக்கத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தன. ஒன்று அனுப்பும் ஒளியை மற்றது வாங்கும்; நடுவே ஏதாவது மறைத்தால் இறங்கும் கதவு திரும்பி ஏறும். மேலே ஒட்டிவைத்தால் கீழே எது நின்றாலும் அவற்றுக்குத் தெரியாது. கதவு தன்பாட்டுக்கு இறங்கும். முன்னே இருந்தவர் ஏதோ தொல்லை தாங்காமல் செய்திருப்பார். ஆனால் என் மகனுக்கு அப்போது இரண்டு வயது. அன்றைக்கே முடிவு செய்து, குடிவருவதற்கு முன்பே மோட்டார், கதவின் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங், சென்சார் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினோம்.

சென்சார் என்ற அந்தச் சின்னக் கண்கள் சும்மா வந்தவை அல்ல. 1982 மார்ச்சுக்குப் பிறகு தானியங்கிக் கராஜ் கதவில் சிக்கிச் சுமார் 60 குழந்தைகள் இறந்ததாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. 1990இல் வந்த சட்டத்தால், எதிலாவது பட்டால் கதவு திரும்பி மேலே ஏறியாக வேண்டும் என்பது கட்டாயமானது. 1993 ஜனவரி முதல் தயாரான ஓப்பனர்களுக்கு (கதவைத் திறந்து மூடும் மோட்டார்) சென்சார் போன்ற இரண்டாவது காவலும் வேண்டும் என்றாயிற்று. அதற்கு முந்தைய ஓப்பனர் உங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், நன்றாகத்தானே வேலை செய்கிறது என்று விட்டுவைக்காதீர்கள். மாற்றிவிடுங்கள்.

புதிது போட்ட முதல் சில ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லை. தொல்லை வந்தது வெயிலால். எங்கள் கராஜ் மேற்குப் பார்த்தது. குளிர்காலத்தில் சாயங்காலம் சூரியன் தாழ்வாக வந்து, ஒளியை வாங்கும் சென்சாரில் நேராக விழும். கதவு கொஞ்சம் இறங்கும், உடனே மேலே ஏறும், மோட்டார் விளக்கு மினுக்கும். அப்போது சுவர்ப் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் கதவு மூடிவிடும். மூடும்தான். ஏனென்றால் அப்படி அழுத்தினால் சென்சார் சொல்வதை மோட்டார் கேட்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் அதைத்தான் செய்தேன்.

2019 டிசம்பரில் ஒரு நாள். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு மூன்று. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். கராஜ் வாசலில் வேட்டியை விரித்துக் கூழ்வடாம் பிழிந்து காய வைத்திருந்தார். வெயில் இறங்கியதும் வடாத்தை எடுத்து வைக்க மகளும் கூடப் போயிருக்கிறாள். "அப்பா மாதிரி நான் மூடுறேன்" என்று மகன் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பட்டனை அழுத்திப் பிடித்தான். மகள் சரியாக வாசல்படியில், வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். கதவு அவள் தலைக்கு மேலே வந்துவிட்டது. அம்மா "டேய் விடுடா, விடுடா!" என்று போட்ட சத்தத்தில் அவன் பயந்து கையை எடுத்தான். கதவு அந்த இடத்திலிருந்தே மேலே ஏறியது. பாதியில் விரலை எடுத்தால் திரும்பி ஏற வேண்டும் என்று அதை வடிவமைத்தவர்கள் நினைத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "புள்ள நீ செய்யறதப் பாத்துத்தான செஞ்சான்" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவே இரண்டு வேலை செய்தேன். ஒளியை வாங்கும் சென்சாரை நிழல் விழும் பக்கமும், ஒளியை அனுப்புவதை வெயில் விழும் பக்கமுமாக இடம் மாற்றினேன். அரை மணி நேர வேலைதான். அதோடு வெயில் தொல்லை அடியோடு போனது. நாலடி உயரத்தில் இருந்த பட்டனை ஐந்தரை அடிக்கு ஏற்றினேன். குறைந்தது ஐந்து அடி இருக்க வேண்டும் என்று ஓப்பனரோடு வந்த குறிப்பேட்டிலேயே எழுதியிருந்தது. ஸ்டூல் கராஜை விட்டே போயிற்று. சென்சாரை மீறிக் கதவை மூடும் பழக்கம் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. மூட மறுத்தால், ஏன் மறுக்கிறது என்று போய்ப் பார்க்கிறோம். பெரும்பாலும் சிலந்தி வலை, இல்லாவிட்டால் சைக்கிள் இடித்துத் திரும்பிப்போன சென்சார்.

அப்புறம் மாதச் சோதனை. மாதத்தின் முதல் ஞாயிறு, ஐந்து நிமிடம் போதும். கதவு இறங்கும்போது துடைப்பக் கட்டையைச் சென்சார் ஒளிக்குக் குறுக்கே நீட்டுவேன். உடனே ஏற வேண்டும். அடுத்து, வாசல் நடுவில் இங்கே 'டூ பை ஃபோர்' என்று விற்கும் மரக்கட்டையைப் படுக்கையாக வைப்பேன். ஒன்றரை அங்குல உயரம்தான். கதவு அதைத் தொட்ட இரண்டு விநாடிக்குள் திரும்ப வேண்டும். துடைப்பத்தை விட இந்தக் கட்டைதான் முக்கியம் என்பது என் எண்ணம். சென்சார் பார்ப்பது தரையை ஒட்டிய ஒரே ஒரு கோட்டை மட்டும். அந்தக் கோட்டுக்கு மேலே குனிந்திருக்கும் பிள்ளையின் தலையோ, அடியில் நீண்டிருக்கும் கையோ அதற்குத் தெரியாமல் போகலாம். 2021 ஜனவரியில் எங்கள் கதவு துடைப்பத்தில் தேறியது, கட்டையில் தோற்றது. ஏறாமல் கட்டையை அழுத்திக்கொண்டே நின்றது. கதவை மூடிவைத்துச் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து பிரித்துவிட்டோம். ஆள் வந்து அழுத்தத்தைச் சரிசெய்யும் வரை நான்கு நாள் கையால்தான் திறந்தோம்.

அடுத்த மாதமே டெக்சஸை உறைய வைத்த பனிப்புயல், மின்வெட்டு. கையால் திறந்து பழகியிருந்தது அப்போது கைகொடுத்தது. ஒரு எச்சரிக்கை: கதவு மேலே இருக்கும்போது அந்தக் கயிற்றை இழுக்காதீர்கள். ஸ்பிரிங் உடைந்திருந்தால் கதவு முழுப் பாரத்தோடு கீழே விழும்.

ஸ்பிரிங் 2022இல் உடைந்தது. நள்ளிரவில் வெடி வெடித்தது போல் சத்தம். சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 முறை ஏறி இறங்கத்தான் செய்யப்படுகிறது. நாளுக்கு நான்கு முறை என்றால் ஏழு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு, கணக்கு சரியாகத்தான் வந்தது. அதை மட்டும் நீங்களே மாற்ற முயலாதீர்கள். முறுக்கிய ஸ்பிரிங் கையை உடைத்துவிடும். அப்போதே கதவையும் மாற்றினோம். பழைய கதவில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தது. புதியதில் மடியும் இடம் விரலை வெளியே தள்ளும்படி வளைந்திருக்கிறது. மகள் ஒரு முறை விரலை நசுக்கிக்கொண்ட பிறகுதான் இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது.

செல்பேசியிலிருந்து மூடும் வசதியை இப்போதும் அரைமனதோடுதான் பயன்படுத்துகிறேன். மூடுவதற்கு முன் விளக்கு மினுக்கி ஐந்து விநாடியாவது பீப் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் விலகி நிற்கப் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறோம். ஆனாலும் வீட்டில் யாராவது இருந்தால் முதலில் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அழுத்துகிறேன்.

பக்கத்து வீட்டுக்குப் போன வாரம் ஒன்றரை வயதுக் குழந்தையோடு ஒரு குடும்பம் வந்திருக்கிறது. நேற்று துடைப்பத்தையும் கட்டையையும் எடுத்துக்கொண்டு போய் அவர்கள் கதவையும் சோதித்தோம். இரண்டிலும் தேறிவிட்டது. பட்டன்தான் நாலடியில் இருக்கிறது, அதற்கு நேர் கீழே செருப்புப் பெட்டி. பெட்டியை அப்போதே நகர்த்திவிட்டோம். பட்டனை ஏற்றச் சனிக்கிழமை ஏணியோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.