கார்புரேட்டர் மாற்றித் தருகிறேன் என்று 85,000 வாங்கி என்ஜினையே முடித்துவிட்டார்கள் – டூ-ஸ்ட்ரோக் ஆஃப்-ரோடு பைக் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

85,000 போய்விட்டது. கூடவே ஒரு பிஸ்டன், ஒரு சிலிண்டர். என்ஜின் இப்போது ஒரு லேத் பட்டறையில் பிரித்த நிலையில் கிடக்கிறது. நேற்று அதைத் திறந்தபோது உள்ளே பார்த்ததை ஆறப்போடாமல் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இன்ஜெக்ஷன் (எலக்ட்ரானிக் கணக்குப்படி பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு) வைத்த டூ-ஸ்ட்ரோக் எண்டூரோ (காடு, மலைப் பாதையில் ஓட்டும்) பைக் உங்களிடம் இருந்தால், அதைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பழைய வகைக் கருவி) போடலாம் என்று யாராவது ஆசை காட்டிக்கொண்டிருந்தால், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

என்னுடையது 300 சிசி, டிபிஐ (டிரான்ஸ்ஃபர் போர்ட் இன்ஜெக்ஷன்) வகை. டூ-ஸ்ட்ரோக்கில் இன்ஜெக்ஷன் என்பது ரொம்ப காலம் யாருக்கும் சரியாகக் கைவராத விஷயம். 1997-இல் பிமோட்டா நிறுவனம் வி-டூவே என்ற 500 சிசி சாலை பைக்கை இன்ஜெக்ஷனோடு கொண்டுவந்தது. அது ஒழுங்காக ஓடாமல், கடைசியில் கார்புரேட்டருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. எண்டூரோவில் பெரிய அளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது கேடிஎம்மும் ஹஸ்க்வர்னாவும்தான், 2018 மாடல்களில். அதில் சிலிண்டரின் பின்பக்கத்து டிரான்ஸ்ஃபர் போர்ட் (கிராங்க்கேஸிலிருந்து சிலிண்டருக்குள் ஏறும் வழி) இரண்டிலும் ஆளுக்கொரு இன்ஜெக்டர் இருக்கும். பெட்ரோல் அங்கேதான் பீய்ச்சப்படும். த்ராட்டில் பாடி (காற்றை உள்ளே விடும் வால்வு) வழியாக கிராங்க்கேஸுக்குள் (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறை) போவது காற்றும் ஆயிலும் மட்டும். ஆயிலுக்குத் தனி டேங்க், அதற்கு ஒரு சின்ன எலக்ட்ரிக் பம்ப். பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலையே கிடையாது. இந்த அமைப்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என்ஜின் எப்படிப் போனது என்பது இதில்தான் இருக்கிறது.

கார்புரேட்டருக்கு மாறுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இன்ஜெக்ஷன் மலை ஏறினாலும், வெயிலோ குளிரோ, தானாகவே அளவை மாற்றிக்கொள்ளும். கார்புரேட்டரில் உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து கலவை ரிச் ஆகும் (பெட்ரோல் கூடிவிடும்), ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சின்னப் பாகம்) மாற்ற வேண்டும். ஆனால் கார்புரேட்டரில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். காட்டுக்குள் நின்றுபோனால் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு திரும்பக் கிளப்பிவிடலாம். பீட்டா, ஷெர்கோ நிறுவனங்கள் மற்றவர்கள் இன்ஜெக்ஷனுக்குப் போன பிறகும் கார்புரேட்டரிலேயே எண்டூரோ பைக்குகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். அதை விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. நல்ல கைகள் செய்தால் மாற்றிய பைக்கும் நன்றாகவே ஓடும்.

என் பைக்கில் இருந்த குறை சின்னது. த்ராட்டிலைக் கொஞ்சமாகத் திறந்து பாறைமேல் மெதுவாக ஏறும்போது தயங்கும், இரண்டு முறை இருமும், சில நேரம் நின்றுவிடும். முழுதாகத் திருகினாலும் மேலே இழுவை முன்பு போல் இல்லை. அதைக் காட்டத்தான் ‘ஆஃப்-ரோடு பைக் மட்டும் பார்ப்போம்’ என்று விளம்பரம் செய்துகொள்ளும் அந்த ஒர்க்ஷாப்புக்குப் போனேன்.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் யாரையும் நம்ப வைக்கும் விதம் அது. கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு மேசைமேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். ஒரு கெய்ஹின் பிடபிள்யூகே கார்புரேட்டரை எடுத்து என் கண் முன்னால் பிரித்தார். ஃப்ளோட் கிண்ணம், ஃப்ளோட், மெயின் ஜெட், பைலட் ஜெட், கிளிப் மாட்டிய நீடில், எல்லாவற்றையும் வரிசையாகத் துணியில் வைத்தார். ஒரு ஜெட்டை எடுத்து என் கையில் கொடுத்து, பூதக்கண்ணாடியையும் நீட்டி, “இந்த நம்பரைப் படிங்க தம்பி. ஒரிஜினல்னா எழுத்து இப்படித்தான் கூர்மையா இருக்கும். போலியில மழுங்கிப் போயிருக்கும்” என்றார். சொன்னது அத்தனையும் உண்மை. நான் கையில் பிடித்தது உண்மையான பொருள்தான். பைலட் ஜெட் எங்கே வேலை செய்யும், நீடில் எங்கே, மெயின் எங்கே என்று அவர் விளக்கியதில் ஒரு பிழை இல்லை. போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொடுத்த ஆளே எனக்குப் போலியை மாட்டிவிட்டார். இதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

“இன்ஜெக்ஷன் டூ-ஸ்ட்ரோக்குக்கு ஒத்தே வராது தம்பி. இன்னைக்கு தயங்கும், நாளைக்கு பம்ப் போகும், அப்புறம் ஈசியூ (இன்ஜெக்ஷனை இயக்குற எலக்ட்ரானிக் பெட்டி) போகும். ஒரே செலவா மாத்திருங்க” என்றார். முதலில் ஒரு மலிவான வழியும் சொன்னார்: இன்ஜெக்ஷன் அப்படியே இருக்கட்டும், ஆயில் பம்பை மட்டும் எடுத்துவிட்டு டேங்க்கிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று. அது வேண்டாம் என்றேன். அப்புறம் பேசி முடித்தது இது: ஜப்பான் ஒரிஜினல் கார்புரேட்டர், இன்டேக் மேனிஃபோல்டு, இக்னிஷன் பெட்டி, இன்ஜெக்டர் துளைகளுக்கு ஓ-ரிங் வைத்த அலுமினியப் பிளக், ஜெட் செட், கடைசியில் அவரே ஓட்டிப் பார்த்து ஜெட்டிங். மொத்தம் 85,000, முழுவதும் முன்பணம். பொருள் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று காரணம். ரசீதில் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: ‘கார்ப் கன்வெர்ஷன் – 85,000’.

பைக் வந்தது. கிளப்பிய உடனே ஒரு குறை: த்ராட்டிலை விட்ட பிறகும் ஆர்பிஎம் கீழே இறங்காமல் மேலேயே தொங்கியது, பிறகு மெதுவாக இறங்கியது. டூ-ஸ்ட்ரோக்கில் இது கலவை லீன் ஆக (பெட்ரோல் குறைவாக) இருப்பதற்கும் எங்கோ காற்று புகுவதற்கும் அடையாளம். அங்கேயே கேட்டேன். “புது கார்ப் தம்பி, செட் ஆகட்டும்” என்றார். அடுத்த நாள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பினேன். பீங்கான் முனை காப்பி நிறத்தில் இருக்க வேண்டியது சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவ்வளவுதான்.

பிறகு ஒரு நீளமான மணல் ஏற்றத்தில், முழு த்ராட்டிலில், சத்தம் கூர்மையாகி ஒரு உலோகக் கிறீச்சோடு பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. ஒரு பக்கம் சரிவு. வேறு இடமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதன்பின் தட்டிக்கழிப்புகள் ஆரம்பித்தன. முதலில் “ஆயில் கம்மியா கலந்திருப்பீங்க” என்றார். ஆயில் பம்ப் போய்விட்டதால் இப்போது பெட்ரோலில்தான் கலக்க வேண்டும்; அவர் சொன்ன 60-க்கு 1 (60 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) கணக்கில்தான் கலந்தேன் என்றேன். “யார் 60 சொன்னது? இந்த செட்டப்புக்கு 40-க்கு 1 தானே?” என்றார். 40-க்கு 1 என்றால் லிட்டருக்கு 25 மில்லி, 60-க்கு 1 என்றால் ஏறத்தாழ 17 மில்லி. சின்ன வித்தியாசம் இல்லை. அவர் 60 என்று சொன்ன வாட்ஸ்அப் குரல் பதிவு என்னிடம் இருந்தது, அங்கேயே போட்டுக் காட்டினேன். “அது பொதுவா சொன்னது” என்றார்! அடுத்த முறை போனபோது வேலை செய்த பையன் ஊருக்குப் போய்விட்டான். அதற்கடுத்து “ரேஸிங் பாகத்துக்கெல்லாம் வாரண்டி கிடையாது”. அப்புறம் போனை எடுப்பதே இல்லை, மெசேஜுக்கு நீல டிக் மட்டும் விழுகிறது.

வேறு வழியில்லாமல் என்ஜினை எடுத்துக்கொண்டு ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே இருப்பவர் பழைய ஆள், அதிகம் பேச மாட்டார். சிலிண்டரைக் கழற்றி, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இன்ஜெக்டர் இருந்த இரண்டு துளைகளிலும் அலுமினியப் பிளக்கும் இல்லை, ஓ-ரிங்கும் இல்லை. கேஸ்கெட் ஒட்டப் பயன்படுத்தும் சாம்பல் நிறப் பசையை அப்பி மூடியிருக்கிறார்கள். இடப்பக்கத் துளையில் அது ஓரம் பிய்ந்து, நகத்தால் தொட்டதும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. பெட்ரோலும் சூடும் பட்டு எத்தனை நாள் தாங்கும் அது? டிரான்ஸ்ஃபர் போர்ட் கிராங்க்கேஸோடு சேர்ந்த வழி. பிஸ்டன் மேலே போகும்போதெல்லாம் அங்கே வெற்றிடம் உண்டாகும், அந்த ஓட்டை வழியாகக் கணக்கில் இல்லாத காற்று உள்ளே இழுக்கப்படும். கலவை லீன் ஆகும், சூடு ஏறும். கார்புரேட்டர் டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் வருகிறது, ஆகவே பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டனின் அலுமினியம் உருகி சிலிண்டர் சுவரில் பட்டை பட்டையாக ஒட்டியிருந்தது.

கார்புரேட்டரையும் அவர் பிரித்தார். வார்ப்பின் ஓரங்கள் சொரசொரப்பு, ஸ்லைடு தன் குழியில் ஆடுகிறது, எழுத்துகள் மழுங்கல். மெயின் ஜெட்டில் இருந்த எண்ணுக்கும் அதன் துளைக்கும் சம்பந்தமே இல்லை. அவரிடம் இருந்த ஒரிஜினல் ஜெட்டோடு வைத்துக் கம்பி விட்டுப் பார்த்தபோது என்னுடையதன் துளை சின்னது. அந்த மேசைமேல் வெள்ளைத் துணியில் இருந்ததும் என் பைக்கில் ஏறியதும் ஒன்றல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பெட்ரோல் குழாயில் ஒரு துண்டை, கனெக்டரோடு, டேங்க்குக்கு அடியில் ஃப்ரேமோடு சேர்த்துக் கட்டி விட்டுவிட்டார்கள். பட்டறைக்காரர் அந்தக் கனெக்டரை இழுத்துத் திறந்தார். உள்ளே விரல் நுனி அளவுக்கு ஒரு ஃபில்டர். அது வண்டல் படிந்து கறுத்திருந்தது, வாயில் வைத்து ஊதினால் காற்றுப் போகவில்லை. அந்த இருமலுக்கும் இழுவைக் குறைவுக்கும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்றார். பத்து நிமிட வேலை. 85,000 வாங்கியவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

என் த்ராட்டில் பாடி, இரண்டு இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், ஆயில் பம்ப் எதுவும் திரும்பி வரவில்லை. கேட்டதற்கு “அதெல்லாம் ஸ்கிராப் தம்பி, தூக்கிப் போட்டாச்சு” என்றார். வேலை செய்துகொண்டிருந்த பாகங்கள் அவை! பைக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகலாம் என்றால் அத்தனையையும் புதிதாக வாங்க வேண்டும். ஆக என் இழப்பு 85,000-உடன் நிற்கவில்லை: சிலிண்டருக்கு மறுபடி முலாம், புது பிஸ்டன், கிராங்க் பேரிங் சோதனை, அதன்மேல் இது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒழுங்காக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில மட்டும்.

டிபிஐ பைக் தயங்கினால் முதலில் ஃபில்டர்களைப் பார்க்கச் சொல்லுங்கள், குறிப்பாகக் கனெக்டருக்குள் இருப்பதை. அதைப் பார்க்காமல் மாற்றச் சொல்கிறவரிடம் பைக்கை விடாதீர்கள்.

டிபிஐயில் இன்ஜெக்ஷனை வைத்துக்கொண்டே ஆயில் பம்பை மட்டும் எடுக்கச் சம்மதிக்காதீர்கள். பெட்ரோல் போர்ட்டில்தான் விழுகிறது. அதில் கலந்த ஆயிலை நம்பி கிராங்க் பேரிங்கை விட முடியாது. 2023-இல் வந்த கேடிஎம் எஸ்எக்ஸ் மோட்டோகிராஸ் வகைகள் வேறு: அவற்றில் த்ராட்டில் பாடியிலேயே இன்ஜெக்டர், பெட்ரோல் கிராங்க்கேஸ் வழியாகவே போகிறது, ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். ஒன்றுக்குச் சொன்னதை மற்றதற்குச் செய்துவிடாதீர்கள்.

ரசீதில் ஒவ்வொரு பாகமும் பெயரோடு வேண்டும். ஆயில் விகிதம் எழுத்தில் வேண்டும். கழற்றிய பாகம் எல்லாம் உங்கள் கைக்கு வர வேண்டும். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். மாற்றிய என்ஜினுக்குக் கிராங்க்கேஸ் பிரஷர் டெஸ்ட் (காற்றழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும் சோதனை) உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். மறுத்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

பிஸ்டன் படங்கள், குரல் பதிவு, ரசீது மூன்றையும் சேர்த்து நுகர்வோர் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். 85,000-மும் வேண்டும், என் இன்ஜெக்டர் செட்டும் வேண்டும், விடப்போவதில்லை. இதே மாதிரி கன்வெர்ஷன் ஏற்கெனவே செய்துவிட்டு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், அடுத்த முறை கிளப்புவதற்கு முன் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு சிலிண்டரின் பின்பக்கம் பாருங்கள். அந்த இரண்டு துளைகளிலும் இருப்பது உலோகப் பிளக்கா, பசையா? பசை என்றால் ஓட்டாதீர்கள்.