பீளமேட்டில் இறங்கி குன்னூருக்கு ஏற: எந்த வண்டி?

என் சித்தி மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அவள் கணவருக்குப் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான், இந்தியா புதுசு. போன மே மாதம் இரண்டு பிள்ளைகளோடும் நான்கு பெரிய பெட்டிகளோடும் குன்னூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வர, பீளமேட்டில் உள்ள கோவை விமான நிலையத்தில் இறங்கினார்கள். "அண்ணா, அங்கிருந்து எதில் வர?" என்று தங்கை கேட்டபோது, "எழுபது கிலோமீட்டர்தானே, ஆப்பில் டாக்சி போட்டுக்கோ" என்றவன் நான்தான். டிசம்பரில் திரும்ப வந்தபோது வேறு ஏற்பாடு செய்தேன். இரண்டையும் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

மலை ரயிலை முதலிலேயே கழித்துவிடலாம். குன்னூர் வரை 1899இலும் ஊட்டி வரை 1908இலும் வந்த பாதை, 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் அது காலை 7.10க்குக் கிளம்புவது மலையடிவாரத்தில் உள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து. அங்கே போய்ச் சேரவே ஒரு வண்டி வேண்டும். பெட்டிகளை வைக்கவும் இடம் கிடையாது. வந்து இளைப்பாறிய பிறகு ஒருநாள் ஆசைக்குப் போகலாம்.

பேருந்து மலிவு. கோவையிலேயே இருக்கும் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டால் ஊட்டி வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். தோள்பையோடு தனியாக வருகிறவருக்கு இதையே சொல்வேன். நான்கு பெட்டிகளோடு நான் ஏறிப் பார்த்ததில்லை. கண்டக்டர் முகத்தை நினைத்தால் ஏறத் தோன்றவும் இல்லை.

மிச்சம் இரண்டு: விமான நிலையத்தில் பிடிக்கும் கோவை டாக்சி, மலையிலிருந்து கீழே வரவழைக்கும் நம்ம ஊர் கார். ஆப்பில் காட்டிய வாடகை 2,600 ரூபாய். குன்னூர் கார்க்காரர் கேட்டது 3,400. கணக்குப் பார்த்தால் முதலாவதுதான் சரி என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

மேட்டுப்பாளையம் தாண்டும்போது, "மேலே ஏற 600 ரூபாய் தனி" என்றாராம் டிரைவர். அது போகட்டும். கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸ் கேட்டார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். டிரைவர் எடுத்திருக்கவில்லை. மின்னஞ்சல் வழியாக வெளிநாட்டுக்காரர்களும் எடுக்கலாம் என்பது தங்கைக்குத் தெரியாது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, நான் இங்கே சமையலறையில் நின்றபடி என் போனில் விண்ணப்பித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். அதற்குள் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்று சிங்கப்பூர் சாங்கியில் விமானம் ஏறுகிறவருக்கு யார் சொல்வது?

நீலகிரியின் டிஎன் 43 பதிவெண் உள்ள காருக்கு இந்த இ-பாஸ் தொல்லை இல்லை. ஆனால் நான் நம்ம ஊர் கார் பக்கம் சாய்வதற்கு அது காரணமில்லை. காரணம் டிரைவரின் கால்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளி டிரைவர் வளைவு வரைக்கும் வேகமாக வந்து, கடைசியில் பிரேக்கை மிதித்து, திருப்பியதும் மறுபடி ஆக்சிலேட்டரை அமுக்குவார். வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடும். சின்னவன் பர்லியாரில் ஒருமுறை, காட்டேரிக்கு முன்னால் ஒருமுறை வாந்தி எடுத்தான். மாப்பிள்ளை வீட்டுக்குள் வந்ததும் பேசவே இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மலை டிரைவர் வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுவார். பிறகு பிரேக்குக்கு வேலையே இருக்காது. இறங்கும்போது இது இன்னும் முக்கியம். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது இங்கே ஓட்டப் பழகும்போதே சொல்லித் தரும் பாடம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிற வண்டி கல்லாறு வருவதற்குள் சூடேறி நாறும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பதும் கீழேயிருந்து வருகிற பலருக்குத் தெரிவதில்லை. பலாப்பழ சீசனில் பர்லியார் பக்கம் ரோட்டில் யானை நின்றால் எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்பதும் அப்படித்தான்.

டிசம்பரில் எங்கள் தெரு டிரைவரே போனார். முதல் நாளே வண்டி எண்ணையும் தன் படத்தையும் தங்கைக்கு அனுப்பிவிட்டார். சின்னவன் கல்லாறில் தூங்கியவன் வீட்டு வாசலில்தான் விழித்தான். வாடகையிலும் ஒரு வழி உண்டு. யாரையாவது விமானத்துக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டி கிடைத்தால் ஆயிரம் ரூபாய் வரை குறைப்பார்கள். ஸ்டாண்டில் இரண்டு நாள் முன்னால் சொல்லி வைத்தால் போதும். சீசனில் அப்படிக் கிடைக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

இரவு வெகுநேரம் கழித்து இறங்குகிறவர்களுக்கு என் அனுபவம் போதாது. தங்கை வந்தது இரண்டு முறையும் பகலில். எங்கள் டிரைவரைக் கேட்டேன். "பனி மூட்டம் எப்போது இறங்கும்னு சொல்ல முடியாது சார். கீழேயே ரூம் போட்டுப் படுத்துக்கச் சொல்லுங்க, விடிஞ்சதும் நானே வந்து கூட்டிக்கிட்டு வரேன்" என்றார்.