வாரக்கணக்கில் குறைப்பதா, கடைசி நாளில் தண்ணீரை வடிப்பதா?

பாக்ஸிங், மல்யுத்தம், ஜூடோ எதுவானாலும், தன் எடைப் பிரிவுக்கு மேலே மூன்று நான்கு கிலோ நிற்பவருக்கு இரண்டு வழி உண்டு. ஏழெட்டு வாரம் முன்பே தொடங்கிக் கொழுப்பைக் குறைக்கலாம். இல்லையென்றால் கடைசி நாளில் சானா என்னும் வெப்ப அறை, சுடுநீர்த் தொட்டி, வியர்க்க வைக்கும் ரப்பர் உடையான ஸ்வெட் சூட் என்று உடம்புத் தண்ணீரை வடிக்கலாம். இரண்டும் பார்த்துவிட்டு முதல் வழியில் நிற்பவன் நான். ஆகவே நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

தண்ணீரை வடிப்பது வேகமானது, பயிற்சிக் காலம் முழுக்க வயிறாரச் சாப்பிடலாம். ஆபத்தும் ஊரறிந்ததுதான். 1997-ல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் சில வார இடைவெளியில் இப்படி இறந்த பிறகே அங்கே சானாவும் ரப்பர் உடையும் தடை செய்யப்பட்டன. சிறுநீர் பெருக்கும் மாத்திரை ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலேயே இருக்கிறது. அந்தப் பேச்சே வேண்டாம்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஒரே கேள்விதான்: எடை பார்த்த பிறகு மோத எத்தனை மணி நேரம் இருக்கிறது? தொழில்முறை எம்எம்ஏவில் (பல தற்காப்புக் கலைகள் கலந்த சண்டைப் போட்டி) பெரும்பாலும் முந்தின நாளே எடை பார்த்துவிடுவார்கள். சர்வதேச மல்யுத்தத்தில் போட்டி நாள் காலையில். வியர்வையாக ஒரு கிலோ போனால் ஒன்றரை லிட்டர் குடித்தால்தான் ஈடாகும், ஒரு பங்கு சிறுநீராகவே போய்விடும். மூன்று கிலோ வடித்தவருக்கு நாலரை லிட்டர். வயிறோ ஒரு மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டரைத்தான் கீழே இறக்கும். மூன்று மணி நேரத்தில் ரிங்கில் ஏற வேண்டுமென்றால் கணக்கு உதைக்கிறது. உப்பில்லாத வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் சரிந்து அது வேறு வம்பு. தசை சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைகோஜன் முழுதாக நிரம்ப ஒரு நாள் போல ஆகும். எச்சில் ஊறாத வாயில் பல்லைக் காக்கும் மௌத் கார்டு ஈறோடு ஒட்டிக்கொள்ளும். கடைசி ரவுண்டில் முகத்தைக் காக்கத் தூக்கிப் பிடித்த கைகள் தானாக இறங்கும்.

இரண்டு நாள் போட்டி இன்னும் மோசம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 50 கிலோ பிரிவில் முதல் நாள் எடை சரியாக நின்று மூன்று மோதல்களை வென்றார். மறுநாள் காலை 100 கிராம் கூடுதல், இறுதிப் போட்டி கைவிட்டுப் போனது. வடித்த எடை, குடித்ததும் திரும்பிவிடும்.

மெதுவான வழியில் வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம். 70 கிலோ ஆளுக்கு 350 முதல் 700 கிராம். புரதத்தில் கை வைக்காமல் எண்ணெயையும் சர்க்கரையையும் குறைத்தேன், எடை தூக்கும் பயிற்சியை விடவில்லை. கடைசி இரண்டு மூன்று நாள் நார்ச்சத்தைக் குறைத்தால் குடலின் கனமும் கொஞ்சம் இறங்கும். தாகத்தோடு கிடக்க வேண்டியதில்லை. சங்கடம் இல்லாமலில்லை. பாதி வாரங்கள் தாண்டியதும் எரிச்சல் வரும், தூக்கம் கெடும், பக்கத்தில் சாப்பிடுகிறவரைப் பார்த்தாலே கோபம் வரும்.

முந்தின நாள் எடை பார்க்கும் போட்டியில் நான் இறங்கியதில்லை. அங்கே கொஞ்சம் வடித்துவிட்டு நன்றாகவே மீள்பவர்கள் இருக்கிறார்கள், கூடவே விஷயம் தெரிந்த ஆள் இருந்தால். மாதவிடாய்ச் சமயத்தில் ஏறி இறங்கும் எடையைப் பற்றியும் என் அனுபவம் பேசாது. வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டு வழியும் வேண்டாம், மேல் பிரிவிலேயே ஆடட்டும்.

எட்டு வாரம் இருக்கும்போது ஆறு சதவீதத்துக்கு மேல் இறங்க வேண்டியிருந்தால் நானும் மேல் பிரிவில்தான் பெயர் கொடுப்பேன்.