ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதா, மல்டிமீட்டரை எடுப்பதா?

செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் இன்ஜின் ஓடும்போதே அம்மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்தால், அதாவது பேட்டரி சார்ஜ் ஏறாமல் கரைந்தால், ஹேங்கரில் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். ஒரு கட்சி நேராக, இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைக் கழற்றும். தீரவில்லையா, அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். அதுவும் இல்லையா, பேட்டரி. மற்றொரு கட்சி வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரோடு இன்ஜின் மூடியான கௌலிங்கைத் திறக்கும். நான் இரண்டாவது கட்சி, ஆனால் முதலாவதை முழுக்கத் தள்ள மாட்டேன்.

கீழே வரும் எண்களெல்லாம் 1978 மாடலுக்கு முந்தைய, 14 வோல்ட் அமைப்புள்ள 172-க்கானவை. பிறகு வந்த 28 வோல்ட் விமானங்களில் எண்கள் இரட்டிக்கும், வயரிங்கும் கொஞ்சம் மாறும்.

மாற்றிப் பார்ப்பவர்களின் வாதம் நேரம். நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஆல்டர்னேட்டரை இறக்கினால் பெல்ட், அதன் இறுக்கம், லாக் புக் பதிவு என்று வேலை நீளும். இதைவிட மோசம், பொய்யான குணம். ரெகுலேட்டரின் பிளக்கைப் பிடுங்கிச் செருகினாலே பின்களில் படிந்த அழுக்கு உரசிப் போய்விடும். புதுப் பாகம்தான் சரிசெய்தது என்று எல்லோரும் நம்புவார்கள். சில வாரங்களில் அதே கோளாறு திரும்பி வரும்.

அளப்பவருக்கு முதல் கேள்வி ஒன்றுதான்: ஆல்டர்னேட்டரின் ஃபீல்ட் முனைக்கு, அதாவது காந்தப்புலம் தரும் சுருளுக்கு, வோல்ட் வருகிறதா? இன்ஜின் நிறுத்தி, தீப்பொறி தரும் மேக்னெட்டோ ஆஃப், சாவி கையில். புரொப்பெல்லர் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. மாஸ்டர் சுவிட்சின் பேட்டரிப் பாதி, ஆல்ட் பாதி இரண்டையும் போட்டு அளக்கலாம். பேட்டரி வோல்ட்டை ஒட்டி வந்தால் அதுவரை வயரிங்கும் ரெகுலேட்டரும் பெரும்பாலும் சரி. இனி பிரஷ், ரோட்டார், பெல்ட் என்று பார்க்கலாம். எதுவும் வரவில்லையென்றால் பின்னோக்கிப் போக வேண்டும்: ரெகுலேட்டர், ஓவர்வோல்டேஜ் சென்சார், ஆல்ட் சுவிட்ச், ஃபீல்ட் பிரேக்கர் (கரண்ட் மிஞ்சினால் துண்டிக்கும் பாகம்). வோல்ட் எந்த இடத்தில் காணாமல் போகிறதோ, கோளாறு அங்கே.

முள் ஆடும் கோளாறில்தான் இரண்டு வழிகளுக்கும் உள்ள தூரம் நன்றாகத் தெரியும். பழைய ரெகுலேட்டர்கள் பலவற்றில் ஃபீல்டுக்கான கரண்ட்டும், பஸ் (எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் பிரியும் பொதுப் பட்டை) வோல்ட்டை அறியும் வழியும் ஒரே வயர்தான். வயதான பிரேக்கரும் தேய்ந்த சுவிட்சும் அந்த வழியில் தடையைச் சேர்க்கின்றன. ஃபீல்ட் கரண்ட் கூடக் கூட அந்தத் தடையில் இழப்பும் கூடும். பஸ்ஸில் வோல்ட் இறங்கிவிட்டதென்று ரெகுலேட்டர் நம்பி இன்னும் தள்ளும், பிறகு அதிகமாகிவிட்டதென்று குறைக்கும். முள் இப்படித்தான் துடிக்கிறது. சிலசமயம் பஸ் வோல்ட் 16-ஐ ஒட்டிப் போய் ஓவர்வோல்டேஜ் சென்சார் ஆல்டர்னேட்டரையே துண்டித்துவிடும். மாற்றும் கட்சி இதற்கு ரெகுலேட்டரை வாங்கும், பிறகு இன்னொன்றை வாங்கும். இரண்டுமே நல்ல ரெகுலேட்டர்கள்! மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பஸ்ஸிலும் மற்றதை ரெகுலேட்டரின் உள்வரும் வயரிலும் வைத்தால் விஷயம் வெளியே வந்துவிடும். அங்கே அரை வோல்ட் இழப்பு தெரிந்தாலே நான் பிரேக்கரையும் சுவிட்சையும்தான் சந்தேகிப்பேன். ஆல்டர்னேட்டரோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை அற்பம்.

நின்ற நிலையில் அளப்பதற்கும் கண் தெரியாத இடங்கள் உண்டு. ஆல்டர்னேட்டரின் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் டயோடுகளில் ஒன்று போயிருந்தால் ஃபீல்ட் அளவுகள் எல்லாம் அழகாக இருக்கும். லேண்டிங் லைட்டும் பிடோ ஹீட்டும் (வேகமானிக் குழாயின் சூடாக்கி) போட்டதும் வோல்ட் சரியும், ரேடியோவில் ஊளைச் சத்தம் கேட்கும். இதை இன்ஜினை ஓட்டி, லோடு ஏற்றித்தான் பிடிக்க முடியும்.

சூடேறிய பிறகு, அதுவும் வானத்தில் மட்டும் வரும் கோளாறில் மாற்றும் கட்சியே ஜெயிக்கும். தரையில் எத்தனை முறை அளந்தாலும் எல்லாம் சரியாகவே காட்டும். கனெக்டர்களைச் சுத்தம் செய்து ஒருமுறை பறந்து பார்த்தபின், அதே பார்ட் நம்பருள்ள, நன்றாக ஓடும் என்று தெரிந்த ரெகுலேட்டரைப் போட்டுப் பறப்பதுதான் வழி. அப்போதும் முதலில் ரெகுலேட்டர்தான். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலில் சில திருகுகளும் ஒரு பிளக்கும், அவ்வளவுதான் வேலை. ஆல்டர்னேட்டர் கடைசியில்.