225ஆம் பக்கத்தைக் காணோம்: ஆன்லைனில் புத்தகம் வாங்குகிறவர்களுக்கு

பேஸ்புக்கில் புத்தகம் விற்கிறவர்களுக்கு முன்கூட்டியே காசு போடப் போகிறீர்கள் என்றால், இதை வாசித்துவிட்டுப் போடுங்கள். போன மாதம் நானும் என் அண்ணன் மகளும் ஏமாந்தோம்.

வாங்கியது ஓர் ஆங்கில நாவல். இந்தக் காலத்து நகரம், பஸ்ஸும் ரயிலும் ஓடுகிற தெரு. அதற்கு நடுவில் மண், நீர், காற்று, நெருப்பு நான்கையும் ஆளத் தெரிந்த ஒரு குடும்பம். நாவலின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதியவர் மேல் ஒரு குறையும் இல்லை, எங்களோடு சேர்த்து அவரையும்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

இலங்கை மலைநாட்டில் எங்கள் ஹட்டன் கடைகளில் பாடப்புத்தகமும் பாஸ்ட் பேப்பரும் (பழைய பரீட்சை வினாத்தாள்) தாராளமாகக் கிடைக்கும். இந்த மாதிரி நாவலை நான் தேடியவரை காணவில்லை. கொழும்பில் ஒரு கடைக்குப் போன் பண்ணினால் 4,900 ரூபாய் என்றார்கள். 2022இல் ரூபாய் விழுந்ததிலிருந்து வெளிநாட்டுப் புத்தகம் என்றாலே கை வைக்க முடியாத விலைதான். அப்போதுதான் அந்தப் பேஜ் கண்ணில் பட்டது. "ஒரிஜினல் பிரதி, இரண்டுதான் மிச்சம், 2,850." போட்டோவில் தலைப்பு எழுத்துகள் புடைத்துக்கொண்டு நின்றன. பார்சல் வந்ததும் காசு தருகிறேன் என்று கேட்டேன். மலைநாட்டுக்கு அப்படி அனுப்புவதில்லை, முதலில் வங்கியில் போடுங்கள் என்றார்கள். அந்த இடத்திலேயே நான் விலகியிருக்க வேண்டும். கூரியருக்கு 400 சேர்த்து 3,250 போட்டேன். கொழுந்து பறிக்கும் என் அண்ணிக்கு அது ஏறக்குறைய இரண்டு நாள் பேர், அதாவது இரண்டு நாள் கூலி. அதில் ஆயிரம் ரூபாய் பிள்ளை தீபாவளிக்குக் கிடைத்ததைச் சேர்த்து வைத்திருந்தது.

பதினொரு நாள் கழித்து கூரியர் தம்பி போன் பண்ணினார். "அக்கா, தோட்டத்துக்கு வண்டி ஏறாது, டவுனுக்கு வாங்க." போய் வாங்கினேன். கையில் எடுத்ததுமே கனம் போதவில்லை. அட்டையில் எழுத்து புடைக்கவில்லை, புடைத்த மாதிரி நிழல் மட்டும் அச்சாகியிருந்தது. தாள் பத்திரிகைத் தாள் மாதிரி மங்கல், பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரிந்தது. மனம் சரியில்லைதான். ஆனால் பிள்ளை வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். கதை கதைதானே என்று நினைத்து வாசிக்கத் தொடங்கிவிட்டோம்.

கதை உண்மையிலேயே நன்றாக இருந்தது. இரவில் நான் வாசித்துத் தமிழில் சொல்வேன், அவள் கூடவே வரிக்கு விரல் வைத்துக்கொண்டு வருவாள். தரம் 10, சைவநெறிப் பாடத்தில் கெட்டிக்காரி. பஞ்சபூதத் தலங்களை வைத்து, காஞ்சி மண், ஆனைக்கா நீர், அண்ணாமலை நெருப்பு, காளத்தி காற்று என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தவள், "ஆகாயம் எங்க அத்தை? சிதம்பரத்தை விட்டுட்டாங்களே" என்றாள். மேற்கில் நான்குதான், கிரேக்கத் தத்துவஞானி எம்பெடோகிளிஸ் காலத்திலிருந்து அப்படித்தான் பரவியது என்று சொன்னேன். அரிஸ்டாட்டில் ஐந்தாவதாக வானத்துக்கு ஒன்றைச் சேர்த்ததையும் சொன்னேன். அவளுக்குத் திருப்தியில்லை. தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதைமுனி என்று பெயர் வைத்துப் படையல் போடுகிற ஊர்ப் பிள்ளை அவள். மின்தூக்கியும் ரயிலும் மந்திரத்துக்குக் கட்டுப்படுவது அவளுக்கு அதிசயமாகவே படவில்லை.

எங்களைப் பிடித்து நிறுத்தியது மண்ணை ஆளும் பாட்டிதான். நகரத்து ஓரத்தில் ஒரு குன்று, அடியில் வீடுகள், விடாத மழை. சரிவு அசைகிறது. பாட்டி சேற்றில் முழங்கால் போட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மண்ணில் பதித்து, விடியும் வரை அதைப் பிடித்து வைத்திருக்கிறாள். நகத்துக்குள் மண் ஏறுவதைக்கூட எழுதியிருக்கிறார். அதை வாசித்தபோது நாங்கள் இருவரும் பேசவில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போய்ப் படுக்கிறவர்கள் நாங்கள். வேறு ஊரில் இருப்பவருக்கு அது கற்பனைக் காட்சியாக இருக்கலாம். எங்களுக்கு அந்தப் பாட்டி ஆசைப்பட்டும் கிடைக்காத ஒருத்தி.

224ஆம் பக்கத்தின் கடைசி வரியில் பாட்டி பேத்தியைக் கூப்பிட்டு, "ஐந்தாவது ஒன்று இருக்கிறது, வா" என்று கதவைத் திறக்கிறாள். அண்ணன் மகள் பாயிலிருந்து துள்ளி எழுந்துவிட்டாள். பக்கத்தைத் திருப்பினேன். 193.

முதலில் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். 193 முதல் 224 வரை அப்படியே மறுபடியும் வருகிறது, அதற்கு அடுத்தது 257. அந்தப் பக்கத்தில் பாட்டியின் சாம்பலை ஆற்றில் கரைக்கிறார்கள். அவள் எப்படிச் செத்தாள், கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது, ஐந்தாவது ஆகாயம்தானா, எல்லாம் அந்த 32 பக்கத்துக்குள் போய்விட்டது. புத்தகத்தைப் பெரிய தாளில் அச்சடித்து, 16 அல்லது 32 பக்கக் கட்டுகளாக மடித்துத்தான் சேர்ப்பார்கள். ஒரு கட்டை இரண்டு தடவை வைத்து அடுத்ததை விட்டிருக்கிறார்கள். நல்ல பதிப்பகத்திலும் எப்போதாவது இப்படி நடக்கும், ஆனால் மாற்றித் தருவார்கள். இங்கே திருட்டுப் பதிப்பு, கேட்க ஆளில்லை.

பின்னட்டையில் இருந்த பார்கோட்டைப் போனில் ஸ்கேன் பண்ணிப் பார்த்தேன். மங்கிப்போன படம், எடுக்கவே இல்லை. அதன் கீழே இருந்த ஐஎஸ்பிஎன் எண்ணும் (ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தருகிற எண்) உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் இருந்த எண்ணும் வேறு வேறு.

விற்றவருக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "எல்லாருக்கும் இதே புக்தான் மிஸ் குடுத்தோம், யாரும் ஒண்ணும் சொல்லல" என்றார். திருப்பி அனுப்பினால் காசு தருவீர்களா என்று கேட்டேன். கூரியர் செலவு உங்களுடையது, வந்ததும் பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்றால் என்ன என்று கேட்டதோடு வாட்ஸ்அப்பில் என்னை முடக்கிவிட்டார். அந்தப் பேஜ் இன்னும் ஓடுகிறது. அதே போட்டோ, அதே "இரண்டுதான் மிச்சம்".

வங்கி ஸ்லிப், உரையாடல், பக்கங்களின் படம் எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதியிருக்கிறேன். அவர்களுடைய தொலைபேசி 1977. திருட்டுப் பதிப்பு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்திருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை.

நீங்கள் வாங்குவதானால், காசு போடுவதற்கு முன்பே பின்னட்டையையும் பதிப்புரிமைப் பக்கத்தையும் அதே பிரதியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கங்களைப் புரட்டி ஒரு வீடியோவும் கேளுங்கள். அசல் வைத்திருப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை. சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுங்கள். வாசிக்கத் தொடங்குவதற்கு முன் பக்க எண்களை முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். கதைக்குள் போய்விட்டால் அப்புறம் மனம் கேட்காது.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். நகரத்து மாந்திரீகக் கதைகளை வாசிக்கிறவர்கள் யாராவது, மண்ணைப் பிடித்து வைக்கும் பாட்டி என்றதும் இது எந்த நாவல் என்று கண்டுபிடித்திருப்பீர்கள். அசல் பிரதி இருந்தால் ஒரு கிழமைக்கு இரவல் தாருங்கள். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, எங்கே என்றாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். தருவதற்கு முன் 225 இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.